சப்டைட்டில் அம்மா பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹாலிவுட் ஸ்டூடியோக்களையும் ஓடிடி தளங்களையும் பற்றியவை. எனவே அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: 10 ஆண்டுகள் எடிட்டிங் மேசை, அதன்பின் 19 ஆண்டுகளாகப் பிறமொழிப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் சப்டைட்டில் எழுதுவது. என் தகுதி இவ்வளவுதான். எந்த நிறுவனத்தின் பங்கை வாங்கலாம் என்று கேட்டிருந்த அன்பர் வேறு ஆளைப் பார்க்கவும்.

கேள்வி: அம்மா, இந்த மாதம் மூன்று தொடர்களைப் பார்த்து முடித்தேன். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. பிறகு ஏன் கடைசி வரை பார்த்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. (கல்லூரி மாணவி)

பார்த்தாய் என்று சொல்லாதே மகளே, நிறுத்தாமல் இருந்தாய் என்று சொல். தொலைக்காட்சியில் வாரம் ஒரு அத்தியாயம் வந்த காலத்தில் அடுத்ததைப் பார்க்க நீயாகத் திரும்பி வரவேண்டும். ஏழு நாளில் சூடு ஆறிவிடும். பிடிக்காத தொடர் தானாகக் கழன்று விழும். 2013 பிப்ரவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸ் ஓர் அரசியல் தொடரின் 13 அத்தியாயங்களையும் ஒரே நாளில் இறக்கிவைத்தது. ஓர் அத்தியாயம் முடிந்ததும் அடுத்தது தானே ஓடும் ஏற்பாடு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. 2017-இல் தொடக்க இசையைத் தாண்டிச் செல்லும் பொத்தானும் சேர்ந்தது. எழுந்து போக இருந்த சந்துகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டார்கள்.

இதை நான் என் வேலையில் வேறொரு விதமாகக் கண்டேன். சப்டைட்டில் கோப்பில் படம் தெரியாது. வரிசை எண், நேரம், வசனம் மூன்றும்தான் இருக்கும். பத்து அத்தியாயத் தொடர் ஒன்றை முடித்த அன்று, ஒவ்வொரு கோப்பின் கடைசி வரியையும் எடுத்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எட்டு வரிகள் கேள்விக்குறியிலோ மூன்று புள்ளிகளிலோ முடிந்தன. "நீ யார்?" என்று இரண்டு. "அப்படியென்றால் உள்ளே இருப்பது..." என்று ஒன்று. கதை கேட்டு வந்த கேள்விகளாக அவை தெரியவில்லை. நீ ரிமோட்டை எடுத்துவிடக் கூடாதே என்ற பயத்தில் எழுதியவை.

கேள்வி: ஒரே படத்துக்கு என் திரையில் ஒரு முகப்புப் படம், என் கணவரின் கணக்கில் இன்னொன்று. எங்கள் தொலைக்காட்சியில் கோளாறா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

கோளாறு எதுவும் இல்லை. நெட்ஃபிளிக்ஸின் பொறியாளர்கள் 2017 டிசம்பரில் தாங்களே இதை விளக்கி எழுதினார்கள். அவர்கள் காட்டிய உதாரணம் 'குட் வில் ஹண்டிங்'. காதல் படங்களை அதிகம் பார்ப்பவருக்கு நாயகனும் நாயகியும் நெருங்கி நிற்கும் படம். நகைச்சுவை பார்ப்பவருக்கு அதே படத்தில் நடித்த ராபின் வில்லியம்ஸின் முகம். சரக்கு ஒன்று, சீட்டு வேறு.

வேறு இரண்டு செய்திகளையும் அதே நிறுவனத்தார் 2015-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது என்று தேடும் மனிதர் 60 முதல் 90 நொடிக்குள் சலித்துவிடுவார் என்பது ஒன்று. பார்க்கப்படும் நேரத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு அவர்களுடைய பரிந்துரையிலிருந்தே வருகிறது என்பது மற்றொன்று. உங்கள் ரசனை என்று நீங்கள் நம்புவதில் ஐந்தில் நான்கு பங்கு அந்த ஒன்றரை நிமிடத்தில் கண்ணில் பட்டதுதான். உங்கள் கணவர் எந்த முகப்பைக் கண்டு அந்தப் படத்தைத் திறந்தார் என்று கேட்டுப் பாருங்கள். குடும்பத்தில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

கேள்வி: அந்தக் காலத்து ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் கலையை வளர்த்தன. இன்றைய ஓடிடி வியாபாரிகள் அதைக் கெடுத்துவிட்டார்கள் என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை வைத்தே சொல்கிறேன்: அந்தக் கால வியாபாரிகளைப் பற்றி நீதிமன்ற ஆவணங்கள் பேசுவதைப் படித்தால் உங்களுக்குத் தூக்கம் வராது.

1930-களிலும் 40-களிலும் ஹாலிவுட் என்பது எட்டு நிறுவனங்கள். பாரமவுண்ட், எம்ஜிஎம், வார்னர் பிரதர்ஸ், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்கேஓ ஆகிய ஐந்தும் பெரியவை. இவை படத்தையும் எடுக்கும், விநியோகமும் செய்யும், திரையரங்கையும் சொந்தமாக வைத்திருக்கும். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த 92 அமெரிக்க நகரங்களில், புதுப்படம் முதலில் வெளியாகும் அரங்குகளில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் இந்த ஐவரோடு தொடர்புடையவை. மீதி அரங்குகளின் உரிமையாளர்கள் இவர்களிடம் படம் கேட்டுப் போகவேண்டும்.

போனால் என்ன நடக்கும்? நட்சத்திரம் நடித்த ஒரு படம் வேண்டும் என்று கேட்பீர்கள். தருகிறோம், கூடவே இந்தப் படங்களையும் எடுத்துக்கொள் என்று பல படங்களை ஒரே கட்டாகக் கட்டி நீட்டுவார்கள். கட்டில் உள்ள சில படங்கள் எடுத்தே முடிந்திருக்காது. பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். இதற்குக் கட்டுப் பதிவு என்றும் பாராமல் வாங்குவது என்றும் பெயர். வேண்டாம் என்றால் நட்சத்திரப் படமும் கிடையாது. வெளியாரின் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காட்ட நாள் ஏது? கட்டில் வந்த படங்களே ஆண்டை நிரப்பிவிடும்.

நடிகர்கள் நிலை இன்னும் மோசம். ஏழு ஆண்டு ஒப்பந்தம். கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளமில்லாமல் நிறுத்திவைப்பார்கள். நிறுத்திவைத்த நாள்களை ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்துவிடுவார்கள். மறுக்க மறுக்க ஏழு ஆண்டு நீண்டுகொண்டே போகும். ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்டு, ஏழு ஆண்டென்றால் நாள்காட்டியின்படி ஏழு ஆண்டுதான் என்று 1944-இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். அந்தச் சட்டத்துக்கு இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

திரையரங்கு விஷயம் 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போய், கட்டுப் பதிவு செல்லாது என்று தீர்ப்பானது. அதன் தொடர்ச்சியாகப் பெரிய ஐவரும் திரையரங்குகளைக் கைவிட நேர்ந்தது. வெளியாருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது அதன் பிறகுதான். நீங்கள் கொண்டாடும் பல நல்ல படங்கள் ஸ்டூடியோ வளர்த்தவை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. திறமையான ஆள்கள் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் மாதச் சம்பளத்தில் வைத்திருந்தால் நாலு நல்லது வரத்தானே செய்யும்?

இப்போது கதையின் சுவையான பகுதி. அந்தத் தீர்ப்பின் வழி வந்த கட்டுப்பாடுகளை 2020 ஆகஸ்டில் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது. காலம் மாறிவிட்டது, இனி அவை தேவையில்லை என்பது காரணம். கட்டுப் பதிவு போன்ற சிலவற்றின் மீதான தடை மட்டும் மேலும் இரண்டு ஆண்டு நீடித்தது. அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் லாஸ் ஏஞ்சலஸின் பழம்பெரும் எகிப்தியன் திரையரங்கை வாங்கியது. அந்தக் கட்டுப்பாடு நெட்ஃபிளிக்ஸுக்கு எந்நாளும் பொருந்தியதில்லை. திரையரங்கு அதற்குப் பெரிதாகத் தேவையுமில்லை. அதன் திரையரங்கு உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. படத்தை எடுப்பது, வைத்திருப்பது, காட்டுவது மூன்றும் மறுபடி ஒரே கையில். ஒரே ஒரு தொடரைப் பார்க்க முழுக் கிடங்குக்கும் சந்தா கட்டுகிறோமே, அது அந்தப் பழைய கட்டுத்தான் ஐயா. அன்று திரையரங்குக்காரர் தலையில் கட்டினார்கள். இன்று நம் தலையில்.

கேள்வி: எதைத் திறந்தாலும் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், அதே முகமூடி வீரர்கள். புதுக்கதைக்குப் பஞ்சமா? (வங்கி ஊழியர்)

கதைக்குப் பஞ்சமில்லை, கதாபாத்திரத்துக்கு விலை போட்டு வாங்கிவிட்டார்கள். டிஸ்னி 2006-இல் பிக்ஸாரை 740 கோடி டாலருக்கும், 2009-இல் மார்வெலை 400 கோடிக்கும், 2012-இல் லூகாஸ்ஃபிலிமை ஏறக்குறைய அதே தொகைக்கும் வாங்கியது. 2019-இல் ஃபாக்ஸின் பெரும்பகுதிக்கு 7,100 கோடி. இவ்வளவு போட்டவர் அதே வீரரை மறுபடி மறுபடி பறக்கவிடாமல் வேறென்ன செய்வார்?

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் நடுத்தரச் செலவில் எடுத்த படம் திரையரங்கில் சுமாராகப் போனாலும் டிவிடியில் மீண்டுவிடும். வட்டு விற்பனை வற்றிய பிறகு அந்த இரண்டாம் வாய்ப்பு போய்விட்டது. மிகப் பெரிதும் மிகச் சிறிதும் பிழைத்தன. நடுவில் இருந்தது நசுங்கியது. நீதிமன்ற நாடகம், பெரியவர்களுக்கான காதல் கதை என்று நான் எடிட்டிங் மேசையில் விரும்பிப் பார்த்த வகைகள் எல்லாம் அந்த நடுவில்தான் இருந்தன. எனக்கு இதில் சொந்த வருத்தம் உண்டு. தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கலாம்.

கேள்வி: சமையல் செய்துகொண்டே தொடர் பார்க்கிறேன். திரையைப் பார்க்காமலேயே கதை புரிகிறது. வசதியாகத்தானே இருக்கிறது? (இல்லத்தரசி)

உங்களுக்காகவே எழுதப்பட்டது அம்மா, வசதியாக இல்லாமல் போகுமா? கையில் கைபேசியோ கரண்டியோ வைத்திருப்பவருக்கும் புரியவேண்டும், பாத்திரம் தான் செய்வதை வாயால் சொல்லட்டும் என்று மேலிடத்திலிருந்து குறிப்பு வருவதாக ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். போன ஆண்டு என் மேசைக்கு வந்த ஒரு காட்சி: ஒருத்தி அழுதுகொண்டே பெட்டியில் துணியை அடுக்குகிறாள். அடுக்கும்போது, "நான் இந்த வீட்டை விட்டுப் போகிறேன்" என்கிறாள். அறையில் வேறு யாரும் இல்லை.

அந்த வரியை மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது. விடவில்லை. கூலி வாங்குகிறேனே.

கேள்வி: திரையில் பேசுவது நீளமாக இருக்கிறது, சப்டைட்டில் குட்டையாக இருக்கிறது. ஏன் ஏமாற்றுகிறீர்கள்? (பெயர் இல்லாத கடிதம்)

இப்படிப் பெயரில்லாமல் திட்டும் கடிதங்கள்தான் எனக்குப் பிடிக்கும். கேளுங்கள். பெரிய தளங்கள் ஆங்கிலச் சப்டைட்டிலுக்கு வைத்திருக்கும் கணக்கு: ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, திரையில் அதிகபட்சம் 7 நொடி. ஒவ்வொரு மொழிக்கும் இதுபோல் ஒரு வேலி உண்டு. நம் மொழியில் "போய்க்கொண்டிருந்திருக்கிறான்" என்று ஒரு சொல்லை வைத்தாலே வரியில் பாதி போய்விடும்.

ஒரு தாய் மகனிடம் சொல்கிறாள்: "நீ முடிவு செய்துவிட்டாய், நான் என்ன சொன்னாலும் உன் காதில் ஏறப்போவதில்லை, அதனால் நான் எதுவும் சொல்லவில்லை, நீ போகலாம்." மூன்று நொடியில் கொட்டிவிடுகிறாள். நான் எழுதியது: "போகத்தான் போகிறாய். போ." ஒரு மதியம் முழுவதும் ஆனது அதற்கு. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் பெயரோடு எழுதுங்கள்.

கேள்வி: ஓடிடியால் நன்மையே இல்லையா மேடம்? எப்போதும் குறைதானா? (மென்பொருள் பணியாளர்)

இருக்கிறது தம்பி. என் வீட்டு அடுப்பு எரிவதே அதனால்தான். கொரிய இயக்குநர் ஹுவாங் டாங்-ஹியுக் 'ஸ்க்விட் கேம்' கதையைப் பத்தாண்டுக்கும் மேலாகக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார். நம்ப முடியாத கதை, வன்முறை அதிகம் என்று தட்டிக் கழித்தார்கள். 2021 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. முதல் 28 நாளில் 165 கோடி மணி நேரம் பார்க்கப்பட்டது. எந்தப் பழைய ஸ்டூடியோவும் ஒரு கொரியக் கதையை ஒரே நாளில் உலகம் முழுக்க இத்தனை மொழிகளில் கொண்டுபோயிருக்காது. சப்டைட்டிலோடு பார்ப்பது படிப்பாளிகளின் பழக்கம் என்ற நினைப்பும் அதோடு ஒழிந்தது.

அதே இயக்குநர் அந்தத் தொடரை எடுக்கும்போது மன அழுத்தத்தில் ஆறு பற்களை இழந்ததாகச் சொன்னார். இவ்வளவு ஓடியதற்குத் தனியாகப் பணம் வந்ததா என்று கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் இருந்தது மட்டும்தான் என்றார். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்.

கேள்வி: கோடிகளில் புரளும் நடிகர்களும் எழுத்தாளர்களும் 2023-இல் வேலைநிறுத்தம் செய்தது நியாயமா? (தொழிற்சங்கத்தில் இருந்தவர்)

சங்கத்தில் இருந்தவரா இதைக் கேட்பது! எழுத்தாளர்கள் மே 2 முதல் 148 நாள், நடிகர்கள் ஜூலை 14 முதல் 118 நாள். இரண்டு சங்கமும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தியது 1960-க்குப் பிறகு அப்போதுதான். நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு வேண்டுமென்றால் அப்போது ஆண்டுக்கு 26,470 டாலர் ஈட்டியிருக்கவேண்டும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டைத் தொடுவதேயில்லை. சுவரொட்டியில் முகம் வருபவர்களை மட்டும் எண்ணாதீர்கள்.

சண்டையின் வேர் ஒன்றுதான். தொலைக்காட்சியில் தொடர் மறுபடி ஒளிபரப்பானால் எழுதியவருக்கும் நடித்தவருக்கும் ஒரு பங்கு போகும். ஓடிடியில் மறு ஒளிபரப்பு என்று எதைச் சொல்வது? எப்போதும்தான் ஓடுகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் தளத்தின் பெட்டிக்குள். கணக்கே காட்டாதவரிடம் பங்கு கேட்பது எப்படி? எழுத்தாளர்கள் வென்றெடுத்ததில் முக்கியமானது, உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 விழுக்காட்டினர் முதல் 90 நாளில் பார்த்தால் கூடுதல் தொகை என்பது. அந்த டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் 18,000-க்கும் மேற்பட்ட தலைப்புகளுக்குப் பார்வை மணிக்கணக்கை வெளியிட்டது. பத்தாண்டு பூட்டி வைத்த பெட்டி, கொஞ்சமாவது திறந்தது.

கேள்வி: எடுத்து முடித்த படத்தை வெளியிடாமலே புதைக்கிறார்களாமே, உண்மையா? (பள்ளி ஆசிரியை)

உண்மைதான். 'பேட்கேர்ள்' என்ற படத்துக்கு ஏறக்குறைய 9 கோடி டாலர் செலவானது. வார்னர் பிரதர்ஸும் டிஸ்கவரியும் இணைந்த சில மாதத்தில், 2022 ஆகஸ்டில், திரையரங்கும் வேண்டாம், தளமும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். வெளியிடுவதைவிட நட்டமாக எழுதி வரியில் கழித்துக்கொள்வது லாபம் என்று கணக்குப் போட்டார்கள் என்பது பரவலாக வந்த செய்தி. படத்தைக் கைபேசியிலாவது பதிவு செய்துகொள்ளலாம் என்று இயக்குநர்கள் போனபோது சர்வர் கதவு அவர்களுக்கு மூடப்பட்டிருந்ததாம்.

வெளியானவையும் நிலைக்கும் என்று நம்பாதீர்கள். டிஸ்னி 2023 மே மாதத்தில் தன் தளத்திலிருந்து பல தொடர்களை ஒரே மூச்சில் எடுத்துவிட்டது; அவற்றில் ஒன்று வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வட்டும் கிடையாது, வேறு எங்கும் விற்பனையும் கிடையாது என்றால் அதை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

நான் சப்டைட்டில் எழுதிய தொடர் ஒன்றும் இப்படிப் போயிற்று. எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. ஒருநாள் ஏதோ ஒரு சொல்லைச் சரிபார்க்கத் தேடினேன். அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றது. என் கணினியில் பழைய கோப்புகள் மட்டும் இருந்தன. எட்டு அத்தியாயம், ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள். முகமும் குரலும் இல்லை. 412-ஆவது வரியில் ஒருவன் "மழை நின்றுவிட்டது" என்கிறான். அவன் சன்னலோரம் நின்றானா, வாசலில் நின்றானா என்று அன்று மாலை வெகுநேரம் யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

கேள்வி: உங்கள் பெயரை எந்தத் தொடரிலும் நான் பார்த்ததே இல்லையே. உண்மையிலேயே நீங்கள்தான் எழுதுகிறீர்களா? (பத்தாம் வகுப்பு மாணவன்)

சரியான கேள்வி. வருகிறது தம்பி. எல்லாருடைய பெயரும் ஓடி முடிந்தபின், கடைசியிலும் கடைசியாக, சில நொடி. ஆனால் பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே படம் மூலைக்குச் சுருங்கி அடுத்த அத்தியாயம் தொடங்கிவிடுகிறதே.

போன வாரம் என் பேத்தியிடம் ரிமோட்டைக் கொடுத்து, இன்று பார்த்தே தீரவேண்டும் என்றேன். எங்கோ ஒரு பொத்தானைத் தேடிப்பிடித்து அழுத்தினாள். படப்பிடிப்புக் குழு, ஒலிக் குழு, ஒவ்வொரு மொழியிலும் குரல் கொடுத்தவர்கள் என்று நான்கு நிமிடம் ஓடியது. இருவரும் இமைக்காமல் உட்கார்ந்திருந்தோம். வந்தது.

"பாட்டி, உங்கள் பெயரில் ஒரு கால் விடுபட்டிருக்கிறது" என்றாள்.

அந்த வரியை அடித்ததும் நான்தான்.